வரவே இல்லையா, வெறுமையாக வந்ததா?

யூடிபி என்றாலே "அது நம்பகமில்லாதது" என்று ஒரு வரியில் முடித்துவிட்டு டிசிபிக்குப் போய்விடுகிறார்கள். கற்றுக்கொடுப்பவர்களும் ஓர் எக்கோ சர்வர் எழுதிக் காட்டுவதோடு கையைக் கழுவிக்கொள்கிறார்கள். இதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வருகிறது. ஜான் போஸ்டல் 1980-ல் மூன்றே பக்கத்தில் எழுதி முடித்த நெறிமுறை அது. எட்டு பைட் தலைப்பு, பின்னால் சரக்கு, அவ்வளவுதான். அந்தச் சிக்கனத்தை ரசிக்கத் தெரியாதவர்கள்தான் அதைக் குறை என்கிறார்கள்.

அதன் அருமை புரிய கொச்சியின் வல்லார்பாடத்தைப் பாருங்கள். 2011 பிப்ரவரியில் திறந்த கன்டெய்னர் முனையத்துக்குப் போகும் கப்பல்கள், ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் நடுவே நுழைகின்றன. ஒவ்வொன்றும் தன் இடத்தையும் வேகத்தையும் ஏஐஎஸ் கருவி வழியே ரேடியோவில் சொல்லிக்கொண்டே வரும். மெதுவாக வரும்போது 10 விநாடிக்கு ஒரு தடவை, கரையில் கட்டிய பிறகு 3 நிமிடத்துக்கு ஒரு தடவை. கரையிலுள்ள ரிசீவர் அதைப் பிடித்து, 82 எழுத்துக்கு மிகாத வரிகளாக்கி, யூடிபியில் தள்ளிவிடுவது வழக்கம். ஒரு வரி தொலைந்தால் தொலையட்டும். அடுத்தது வரத்தானே போகிறது? கப்பல் நகர்ந்த பிறகு பழைய இடத்தைத் திரும்பக் கேட்டு வாங்கி என்ன செய்வது?

இனி, அந்த வரிகளை ஜாவாவில் வாங்குவதைப் பார்ப்போம். டேட்டாகிராம்சேனலைத் திறங்கள், போர்ட்டோடு கட்டுங்கள், கன்ஃபிகர்பிளாக்கிங் ஃபால்ஸ் என்று சொல்லுங்கள், செலக்டரிடம் பதிவு செய்யுங்கள். 2002-ல் ஜாவா 1.4-ல் வந்த சங்கதி இது. எடுத்துப் பார்த்த கீயைப் பட்டியலிலிருந்து நீக்கவும், படிக்கும் முன் பஃபரை ஃப்ளிப் செய்யவும் மறக்காதீர்கள். மற்றதெல்லாம் பழகப் பழக வந்துவிடும்.

நான் சொல்ல வந்தது வேறு. ரிசீவ் என்று கூப்பிட்டால் இரண்டு விதமான "ஒன்றுமில்லை" வரலாம். எதுவும் வந்திருக்காவிட்டால் நல் (null) கிடைக்கும். சரக்கே இல்லாத டேட்டாகிராம் வந்திருந்தால், அனுப்பியவரின் முகவரி கிடைக்கும், பஃபர் காலியாக இருக்கும். தபால்காரர் வராததும், வந்து வெறும் கவரைக் கொடுத்துவிட்டுப் போவதும் ஒன்றாகுமா? முகவரி இருக்கிறதே, யாரோ அனுப்பியிருக்கிறாரே! யூடிபியில் சுழி பைட் என்பது முறையான செய்தி. துறையில் எல்லாக் கப்பலும் கட்டிக் கிடக்கும் நள்ளிரவை நினைத்துக்கொள்ளுங்கள். நிமிடக்கணக்கில் வரியே வராது. கப்பல்கள் பேசவில்லையா, ரிசீவர் செத்துவிட்டதா? ரிசீவர் பக்கத்திலிருந்து விநாடிக்கொரு வெற்று டேட்டாகிராம் அனுப்பினால் போதும், பதில் கிடைத்துவிடும்.

ஆனால் சேனலை கனெக்ட் செய்து ரீட் கூப்பிட்டீர்களோ, கதை கெட்டது. வரவே இல்லை என்றாலும் சுழி, வெறுமையாக வந்தது என்றாலும் சுழி. கனெக்ட் செய்த பிறகும் ரிசீவையே கூப்பிடலாம், யாரும் தடுக்கவில்லை. செலக்டர் "தயார்" என்று எழுப்பியது, அப்புறம் நல் எப்படி வரும் என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. லினக்ஸில் செக்சம் தப்பான பாக்கெட் வந்தால் அப்படி நடக்கும். எழுப்பிவிட்டு, படிக்கப் போகும்போது அதைத் தூக்கி எறிந்துவிடும். ஆகவே நல்லைச் சோதிக்காத கோட் மேலோட்டமான கோட். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

ஜாவா 21 வந்ததிலிருந்து "விர்ச்சுவல் த்ரெட் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?" என்பது ஃபேஷனாகிவிட்டது. ஆளுக்கொரு சாக்கெட் திறக்கும் டிசிபிக்கு அது பெரிய வரம்தான். யூடிபியில் ஆயிரம் பேரும் ஒரே சாக்கெட்டில் பேசலாமே, அங்கே ஆயிரம் த்ரெட்டுக்கு என்ன வேலை?

நமக்குள் ஒன்று சொல்கிறேன். இரவில் வீடு அடங்கிய பிறகு, பஃபரை வேண்டுமென்றே 40 பைட்டாகக் குறைத்துவிட்டு அந்தக் கப்பல் வரிகளை வாங்கிப் பாருங்கள். பெரும்பாலான வரிகள் பாதியில் அறுந்து நிற்கும், கடைசியில் நட்சத்திரக் குறியோடு வரும் செக்சம் காணாமல் போயிருக்கும். எக்ஸெப்ஷன் வராது, எச்சரிக்கை வராது, மீதியை அடுத்த ரிசீவில் தேடினாலும் கிடைக்காது. அறுந்த ஒரு வரியை எடுத்து, எத்தனையாவது எழுத்தோடு நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். டிசிபியில் பைட்டுகள் ஓடையாக வரும், யூடிபியில் செய்தி செய்தியாக வரும் என்று புத்தகத்தில் படித்தது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.