கோயில் மாடும் உறுதிமொழியும்

தை மூன்றாம் நாள் அலங்காநல்லூர் வாடிவாசலிலிருந்து முதலில் வெளியேறும் மாட்டை யாரும் பிடிப்பதில்லை. அது முனியாண்டி கோயில் காளை. ‘சாமி மாடு, யாரும் தொட்டுறாதீங்கப்பா’ என்று ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை, ஆனாலும் சொல்கிறார்கள். தை ஒன்றாம் நாள் அவனியாபுரத்திலும், இரண்டாம் நாள் பாலமேட்டு மஞ்சமலை ஆற்றுத் திடலிலும் இதே வரிசைதான். கோயில் மாடுகள் போன பிறகே மற்ற மாடுகள். பிடிப்பதற்கென்றே ஏற்பட்ட ஒரு விளையாட்டு, பிடிக்கக்கூடாத ஒரு மாட்டோடு தொடங்குகிறது என்பதைச் சும்மா கடந்துவிட முடியாது.

இன்றைக்குக் கோயில் மாடும் முதலில் வருவதில்லை. அதற்கு முன்னால் இன்னொன்று நடக்கிறது. எண் போட்ட பனியன் அணிந்த மாடுபிடி வீரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். மாவட்ட ஆட்சியர் உறுதிமொழியை வாசிக்க, அவர்கள் கையை நீட்டித் திருப்பிச் சொல்கிறார்கள். மாட்டுக்கு ஊறு செய்ய மாட்டோம், விதிகளை மதிப்போம், தமிழரின் வீர விளையாட்டின் மாண்பைக் காப்போம் என்ற வகையில் அது போகும். பிறகு அமைச்சர் கொடியசைக்கிறார். அப்புறம்தான் முனியாண்டி. சாமிக்கு முந்தி சர்க்கார்.

நம் நண்பர்களிடம் இதைப் பற்றிப் பேசினால் இரண்டுவிதமான பதில்கள் வருகின்றன. கோயில் மாடு என்பது நிலப்பிரபுத்துவத்தின் மிச்சம், அதை விமர்சிக்க வேண்டும் என்பார்கள். உறுதிமொழியா, ‘அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி தோழர், அதப் போய்ப் பெருசா எடுத்துக்கிட்டு’ என்பார்கள். முன்னது மூடநம்பிக்கை, பின்னது நிர்வாக நடைமுறை என்ற இந்தப் பிரிவினைதான் எனக்கு உறுத்துகிறது. இரண்டுக்கும் இலக்கணம் ஒன்றே. யாருக்கு முதல் மரியாதை, யார் மேடையில், யார் மண்ணில், யார் சொல்ல யார் திருப்பிச் சொல்வது என்பதைக் காலை ஏழு மணிக்குள் ஒட்டுமொத்தக் கூட்டத்துக்கும் கண்ணால் காட்டிவிடுவது அந்த இலக்கணம். மாடு அவிழ்ப்பது அதற்குப் பிறகு.

உறுதிமொழியை எடுப்பவர் யார் என்று பாருங்கள். மாடுபிடிக்கிறவன் மட்டும். பெரும்பாலும் கூலி வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவன், ஆட்டோ ஓட்டுகிறவன், கல்லூரியில் படித்துக்கொண்டே அரிசி மூட்டை இறக்குகிறவன். மாட்டை வளர்த்து அனுப்பும் முதலாளி உறுதிமொழி எடுப்பதில்லை. கமிட்டி எடுப்பதில்லை. தடுப்புக் கட்டைகளின் உறுதியைச் சரிபார்க்க வேண்டிய அதிகாரி, டோக்கன் வழங்கியவர், டோக்கன் வாங்கித் தரும் அரசியல்வாதி, இவர்கள் யாரும் கை நீட்டுவதில்லை. அந்தத் திடலில் தவறு செய்யக்கூடியவன் என்று முன்கூட்டியே கருதப்படுகிற ஒரே ஆள் பிடிக்கிறவன். அல்தூசர் 1970இல் எழுதிய கட்டுரையில், நம்பிக்கை உள்ளே பிறந்து சடங்காக வெளியே வருவதில்லை, முழங்காலிட்டு உதட்டை அசைக்கும் செயலிலிருந்தே நம்புகிற தன்னிலை உருவாகிறது என்று வாதிட்டார். அதை வாடிவாசலில் நேரடியாகப் பார்க்கலாம். கையை நீட்டி ‘தமிழர் பண்பாடு’ என்று திருப்பிச் சொல்லும் கணத்தில் அவன் பண்பாட்டின் பிரதிநிதியாகிறான். அதே கணத்தில் அரசின் கண்காணிப்புக்கு உட்பட்ட உடலாகவும் ஆகிறான். வீரன் என்று விளிப்பதும் சந்தேகத்துக்குரியவன் என்று விளிப்பதும் ஒரே குரல்தான்.

இப்போது முனியாண்டியிடம் வருவோம். ஊருக்கு வெளியே காவல் நிற்கிற, கறியும் சாராயமும் ஏற்கிற சாமி அவர். மதுரை வட்டாரத்துக்காரர்கள் ஊர் ஊராக ஓட்டல் வைத்தபோது பெயர்ப்பலகையிலும் ஏறியவர். இந்தச் சாமியின் மாடு ‘சாமி மாடு’ ஆவதால் அது எல்லோருக்கும் பொதுவான மாடு என்று ஒரு வாதம் உண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. தனியார் மாடு தோற்றால் அவமானம்; சாமி மாட்டுக்குத் தோல்வியே கிடையாது. போட்டிக்குள் போட்டியற்ற ஒரு வெளியை அது திறந்து வைக்கிறது. ஆனால் அந்த மாட்டைக் கூட்டிவருவது யார், பரிவட்டம் கட்டிக்கொள்வது யார், வேட்டி துண்டு முதலில் வாங்குவது யார் என்று கேட்டால் பொதுத்தன்மை கரைந்துவிடும். முதல் மரியாதை என்பது தெற்கத்திச் சீமையில் சாதியின் கணக்குப் புத்தகம். ஒருவருக்கு முதல் என்றால் இன்னொருவருக்குக் கடைசி. மற்றும் ஒருவருக்கு இல்லவே இல்லை.

அவனியாபுரம் இதற்கு நல்ல உதாரணம். அங்கே யார் நடத்துவது என்பது வருஷா வருஷம் பிரச்சினை. பாசன விவசாயிகள் சங்கம் ஒரு பக்கம், எல்லாச் சமூகத்தாரையும் கமிட்டியில் சேர்க்க வேண்டும் என்பவர்கள் இன்னொரு பக்கம். சமாதானக் கூட்டம், பேச்சுவார்த்தைத் தோல்வி, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு. 2020இல் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவரின் மேற்பார்வையில் நடத்தும்படி நீதிமன்றம் சொன்னது. பிந்தைய ஆண்டுகளில் மாவட்ட நிர்வாகமே ஏற்று நடத்தியது. ஊர் ஒரு முடிவுக்கு வர முடியாத இடத்தில் அரசு நுழைகிறது. நுழைந்தவுடன் சாதிச் சிக்கல் தீர்ந்துவிட்டதாகத் தோற்றம் தருகிறது. மாடு அவிழ்க்கும்போது சாதிப் பெயர் சொல்லக்கூடாது என்று நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நல்லது. ஆனால் திடலில் நிற்கிறவனுக்கு ஊர்ப் பெயரும் ‘வகையறா’வும் போதும். ஒலிபெருக்கி அமைதியாகிவிட்டதால் காது மறந்துவிடாது. சுற்றுக்குச் சுற்று நிறம் மாறும் அரசுப் பனியனுக்குள் எல்லோரும் ஒன்றாகத்தான் தெரிகிறார்கள். தலித் இளைஞன் ஒருவன் பெரிய வீட்டு மாட்டை அணைந்துவிட்டால் அந்தப் பனியன் எவ்வளவு மெல்லியது என்று அன்று சாயங்காலம் தெரியும். (கபடியிலும் இதே கதைதான். கோட்டைத் தொட்டுக் கும்பிட்டு உள்ளே போகிற கால் ஒன்று. மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருக்கிற தலைவர் படங்களின் வரிசை வேறொன்று.)

சாமியிலிருந்து ‘பண்பாட்டுக்கு’ நகர்ந்த கதை நீதிமன்றத்தில் நடந்தது. 2006 மார்ச்சில் மதுரைக் கிளையின் தனி நீதிபதி ஒருவர் தடை விதித்தார். 2007இல் அமர்வு அதை நீக்கியது. 2009இல் மாநில அரசு ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. 2011இல் மத்திய அரசு, காட்சிக்குப் பயன்படுத்தக்கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையைச் சேர்த்தது. 2014 மே 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மொத்தமாகத் தடை செய்தது. இன்று நடக்கும் ஜல்லிக்கட்டுக்குப் பழந்தமிழ்ப் பண்பாட்டின் ஆதரவு இல்லை என்றும் சொன்னது. 2017இல் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம் ‘பாரம்பரியமும் பண்பாடும்’ என்ற சொற்களின் மேல் நின்றது. 2023 மே 18ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு, இது பண்பாட்டு மரபு என்று சட்டமன்றம் முடிவெடுத்திருக்கும்போது நீதிமன்றம் அதைக் கலைக்கப்போவதில்லை என்று ஏற்றது.

இந்தப் பயணத்தில் முனியாண்டி எங்கே காணாமல் போனார்? அவரைக் கொண்டு வழக்கை வெல்ல முடியாது. கறி தின்னும் சாமிக்கு அரசியல் சட்டத்தின் மொழியில் இடம் குறைவு. அதனால் கலித்தொகை வந்தது. முல்லைக்கலியில் ஆயர்கள் ஏறு தழுவுகிறார்கள், சரி. அங்கே பரிசு பெண். கொம்புக்கு அஞ்சுகிறவனை ஆய்மகள் மறுபிறவியிலும் அணைய மாட்டாள் என்கிறது அந்தப் பாட்டு. அந்தச் சமூகத்துக்கும் இன்றைய திடலுக்கும் இடையே இருக்கிற இரண்டாயிரம் வருஷத்தில் நாயக்கர் ஆட்சியும் பாளையங்களும் ஜமீன்களும் கிடக்கின்றன. கொம்பில் சல்லிக்காசைக் கட்டியதால் சல்லிக்கட்டு என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். மஞ்சுவிரட்டு, எருதுகட்டு, வடமாடு என்று ஊருக்கொரு பெயரும் முறையும் உண்டு. இவையெல்லாம் சேர்ந்து ‘ஏறு தழுவுதல்’ என்ற ஒற்றைப் பெயருக்குள் அடைக்கப்படுகின்றன. 2024 ஜனவரி 24ஆம் தேதி அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் திறக்கப்பட்ட அரங்கத்தின் பெயர் ‘கலைஞர் நூற்றாண்டு ஏறு தழுவுதல் அரங்கம்’. சங்கப் பாட்டிலிருந்து ஒரு பாதி, கட்சித் தலைவரிடமிருந்து ஒரு பாதி. ஊர்ச்சாமிக்குப் பலகையில் இடமில்லை. மரபு கண்டுபிடிக்கப்படுவது பற்றி ஹாப்ஸ்பாமும் ரேஞ்சரும் 1983இல் தொகுத்த நூலுக்கு மதுரையிலிருந்து ஓர் அத்தியாயம் எழுதலாம்.

அதற்கு ஐந்து நாள் முன்பு, ஜனவரி 19ஆம் தேதி, சென்னையில் பிரதமர் கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளைத் தொடங்கிவைத்திருந்தார். மதுரையும் அந்தப் போட்டிகள் நடந்த நகரங்களில் ஒன்று. அதன் சின்னம் வேலுநாச்சியார். டெல்லி நம் ராணியை எடுத்துக்கொள்கிறது, சென்னை நம் மாட்டை எடுத்துக்கொள்கிறது. இரண்டு தேசியங்களும் ஒரே வாரத்தில் ஒரே உடல்மொழியில் பேசின. கொடி, உறுதிமொழி, வீரம். இந்திய தேசியத்தை விமர்சிக்கும்போது கூர்மையாக இருக்கிற நம் பேனா, தமிழ்த் தேசியத்தின் சடங்கு வரும்போது நெகிழ்ந்துபோவதை நான் பல கட்டுரைகளில் பார்த்திருக்கிறேன்.

சடங்கு எப்போதும் மேலிருப்பவன் கையில் மட்டும்தான் இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. 2017 ஜனவரி 23 காலையில் மெரினாவில் காவல்துறை கூட்டத்தைக் கலைக்க வந்தபோது இளைஞர்கள் தேசிய கீதம் பாடினார்கள். திரையரங்குகளில் கீதம் ஒலிக்க வேண்டும், எழுந்து நிற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டு இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை (அந்தக் கட்டாயம் 2018 ஜனவரியில் நீக்கப்பட்டது). எழுந்து நிற்கச் சொன்ன பாட்டை, எழுந்திருக்க மாட்டோம் என்று சொல்வதற்குக் கேடயமாக்கினார்கள். தேசபக்தி என்று பார்த்தால் தேசபக்தி. லத்தியின் முன் ஒரு தந்திரம் என்று பார்த்தால் தந்திரம். லத்தி பாட்டு முடியும்வரைக்கும்தான் யோசித்தது என்பது வேறு விஷயம்.

அதைவிட முக்கியமானது அதற்கு முதல் நாள் அலங்காநல்லூரில் நடந்தது. அவசரச் சட்டத்தோடு முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் மதுரைக்கு வந்துவிட்டார். வாடிவாசலைத் திறந்துவைத்துக் கொடியசைப்பதுதான் பாக்கி. ஊர் மறுத்தது. நிரந்தரச் சட்டம் வேண்டும், அதுவரை இங்கே மாடு அவிழாது என்று சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். முதலமைச்சர் திரும்பிப் போனார். ஜல்லிக்கட்டு வேண்டும் என்று போராடிய ஊரே, அரசு ஜல்லிக்கட்டைத் தட்டில் வைத்து நீட்டியபோது வேண்டாம் என்றது. அங்கே மறுக்கப்பட்டது விளையாட்டு அல்ல, திறப்பு விழா. அந்த வருஷம் அலங்காநல்லூரில் மாடு அவிழ்ந்தது பிப்ரவரி 10ஆம் தேதி. பண்பாட்டு வெற்றி என்று இன்று கொண்டாடப்படும் கதையில் இந்த மறுப்பு ஓர் அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை. வந்தால், அடுத்த தை மாதம் கொடியோடு நிற்கிற அமைச்சரின் கை கொஞ்சம் கனக்கும்.

மேடையைப் பற்றி நமக்கு முன்பே எழுதிவிட்டுப் போனவர் சி.சு. செல்லப்பா. 1959இல் வந்த ‘வாடிவாசல்’ குறுநாவலை வீரத்தின் காவியமாகவும் மண்ணின் மணமாகவும் படித்துப் படித்துத் தேய்த்துவிட்டோம். எனக்கு அது மேடையைப் பற்றிய கதை. பிச்சிக்கு மாடு எதிரி. அப்பனைக் குத்திய காரி. ஆனால் கதையின் மொத்தக் காற்றழுத்தமும் ஜமீன்தார் உட்கார்ந்திருக்கிற இடத்தில் இருக்கிறது. பிடிக்கிறவன், பார்க்கிறவன், கிழவன், எல்லோரும் அந்தப் பக்கம் ஒரு கண் வைத்துத்தான் பேசுகிறார்கள். காரி அணையப்பட்ட பிறகு ஜமீன்தார் தன் மாட்டையே சுட்டுவிடுகிறார். தோற்ற மாடு அவருக்கு வேண்டாம். செல்லப்பா அரசியல் எழுத்தாளர் அல்ல என்று அவருடைய அபிமானிகளும் எதிரிகளும் சேர்ந்து முடிவுகட்டியிருக்கிறார்கள். அந்தத் துப்பாக்கியை அவர்கள் எப்படிப் படித்தார்களோ.

ஜமீன் போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது விஐபி காலரி. முதலமைச்சர் பெயரிலும் துணை முதலமைச்சர் பெயரிலும் காரும் டிராக்டரும் நிற்கின்றன. தங்கக்காசு, பீரோ, கட்டில், சைக்கிள் என்று ஒவ்வொரு மாட்டுக்கும் ஒவ்வொரு பிரமுகரின் பெயர் ஒலிபெருக்கியில் விழுகிறது. பிடித்தவன் பெயரைவிடப் பரிசு தந்தவர் பெயர் அதிகத் தடவை கேட்கும். ஒரு சுற்று நின்று எண்ணிப் பாருங்கள்.

2023 ஜனவரியில் பாலமேட்டில் ஒன்பது மாடுகளைப் பிடித்து முன்னணியில் இருந்த இளைஞர் ஒருவர் குத்துப்பட்டு இறந்தார். 3 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. நம் பக்கத்து ஊர்களில் ஜல்லிக்கட்டுக் காளை செத்தால் மாலை போட்டு, மேளம் வைத்து, ஊரே கூடி அடக்கம் செய்கிறார்கள். சில இடங்களில் சமாதி கட்டிப் பொங்கலும் வைக்கிறார்கள். அதில் எனக்குப் புகார் இல்லை, அந்த மாட்டை வளர்த்த பெண்ணின் அழுகை பொய்யில்லை. ஆனால் காலையில் உறுதிமொழி சொன்னவர்களில் ஒருவன் சாயங்காலம் ராஜாஜி மருத்துவமனைப் பிணவறையில் கிடக்கும்போது, திடலில் அதற்கென்று எந்த முறையும் இல்லை. ஒலிபெருக்கி ஒரு நிமிடம் நிற்பதில்லை. அடுத்த மாட்டின் டோக்கன் எண்ணைக் கூப்பிடுகிறார்கள்.