தலையில் ஊற்றிய தண்ணீர்

ஹாதார்னின் ‘ஸ்கார்லெட் லெட்டர்’ (1850) நாவலில் பூரிட்டன் ஊர் ஹெஸ்டரின் மார்பில் ‘ஏ’ என்ற எழுத்தைச் சுமத்துகிறது. ஜெயகாந்தனின் கங்காவுக்கு எழுத்து தேவைப்படவில்லை. அம்மா போட்ட கூச்சலே போதுமானதாக இருந்தது.

1966இல் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை நினைவிருக்கும். மழையில் முன்பின் தெரியாதவன் காரில் ஏறி, அவனால் சீரழிக்கப்பட்டுத் திரும்பிய மகளின் தலையில் தாய் தண்ணீர் ஊற்றி, சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். இதைத்தான் புரட்சி என்று கொண்டாடினோம். எனக்கு அந்தத் தண்ணீர் உறுத்துகிறது. கழுவ வேண்டுமென்றால் அழுக்கு என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டுமே! அவளைக் காப்பாற்றியது, ஏன் அடிக்கிறாய் என்று கேட்ட ஒண்டுக்குடித்தனக்காரர்களிடம், மழையில் நனைந்துகொண்டு வந்ததற்காக அடித்தேன் என்று தாய் சொன்ன பொய். கொருக்குப்பேட்டையில் ஒட்டுச் சுவர் வீட்டில் வளர்ந்தவளுக்கு அந்தப் பொய்யின் அருமை தெரியும். ரயில்வே கேட் திறப்பதற்குள் செய்தி அந்தப் பக்கம் போய்விடும் ஊர் இது.

‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ (1970) அந்தப் பொய்யை எடுத்துவிட்டுத் தொடங்குகிறது. நடந்தது அதேதான், ஆனால் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். ஹெஸ்டர் கடைசிவரை ஆளின் பெயரைச் சொல்லவில்லை. கங்கா அவனைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள். பாதிரியார் டிம்ஸ்டேலாவது ஊர் பார்க்க மேடையேறிச் செத்தார். பிரபாகரை யாரும் மேடைக்கு அழைக்கவே இல்லை.