எழுபது வருடக் கடிதம்

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடியும்போது எங்கள் சபையில் ஒரு தட்டு சுற்றிவரும். காணிக்கைத் தட்டு இல்லை. அதில் வாக்குத்தத்த அட்டைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். ஜெபம் பண்ணிவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். அதில் இருக்கிற வசனம்தான் அந்த வருடம் முழுக்க உங்களுக்கு. அப்பா படுக்கையில் இருந்த வருடம் அம்மா எடுத்த அட்டையில் எரேமியா 29:11 வந்தது. உங்களைக் குறித்து என் மனதில் இருப்பது கேடு அல்ல, சமாதானம்தான் என்று கடவுள் சொல்லும் இடம். கிறிஸ்தவ வீடுகளின் சுவர்களிலும் காலண்டர்களிலும் பலமுறை பார்த்திருப்பீர்கள்.

அம்மா அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். ஜூன் மாதம் அப்பா இறந்துபோனார். அட்டையைக் கிழித்துப் போடவும் மனசு வரவில்லை, பார்க்கவும் மனசு வரவில்லை. ரொம்ப நாள் கழித்து எரேமியா 29ஆம் அதிகாரத்தை முதல் வரியிலிருந்து வாசித்தேன். பக்தியில் இல்லை, கோபத்தில்.

முதலில் தெரிந்தது, அது ஒரு கடிதம் என்பது. கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பணியவைத்து, அரசன் யோயாக்கீனையும் அரண்மனை ஆட்களையும் தச்சர், கொல்லர்களையும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போனான். நகரமும் ஆலயமும் இன்னும் நின்றுகொண்டிருந்தன. அவை எரிவதற்குச் சுமார் பத்து வருடம் இருந்தது. அதனால் போனவர்கள் சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று நம்பினார்கள். எருசலேமில் இருந்த எரேமியா அவர்களுக்கு எழுதி அனுப்பிய பதில்தான் இது.

அதில் அவர் சொல்வது என்ன? வீடு கட்டுங்கள், குடியிருங்கள். தோட்டம் போடுங்கள், அதன் பலனைச் சாப்பிடுங்கள். கல்யாணம் பண்ணுங்கள், பிள்ளைகளுக்கும் பண்ணிவையுங்கள், அவர்களும் பெற்றுக்கொள்ளட்டும். உங்களைப் பிடித்துக்கொண்டுபோன அந்த ஊருக்காக ஜெபம் பண்ணுங்கள். ஏனென்றால் எழுபது வருடம் ஆகும்.

எழுபது. பைபிளின் சங்கீதம் ஒன்றே மனித ஆயுளுக்குச் சொல்லும் கணக்கு அது. முப்பது வயதில் இந்தக் கடிதத்தைக் கேட்ட ஒருவன் ஊர் திரும்பப் போவதில்லை. கடிதம் மூன்று தலைமுறையைச் சொல்வதும் அதனால்தான். அட்டையில் அச்சான அந்த வசனம் வருவது இந்த எழுபதுக்கு அடுத்த வரியில். நாம் அடுத்த வரியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டோம்.

இதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான். எல்லாரும் இரண்டே வருடத்தில் திரும்பிவிடுவார்கள் என்று ஆலயத்தில் நின்று அறிவிக்கிறான். பாபிலோனுக்குப் பணிந்தே ஆக வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் ஒரு நுகத்தடியைப் போட்டிருந்தார். அதைப் பிடுங்கி உடைக்கிறான். அதற்கு முன் எரேமியா அவனுக்குச் சொன்ன முதல் வார்த்தை எனக்கு ரொம்பப் பிடித்தது: ஆமென், அப்படியே ஆகட்டும். அவருக்கும் இரண்டு வருடம்தான் வேண்டும். ஆனால் தனக்கு வேண்டியதையும் நடக்கப்போவதையும் அவர் குழப்பிக்கொள்ளவில்லை.

அடுத்தடுத்து வைத்து வாசித்தால் ஒரு விசித்திரம் தெரியும். நம்ம வீட்டு அட்டையில் எரேமியாவின் பெயர் இருக்கிறது, ஆனால் அதை நாம் வாசிப்பது அனனியாவின் குரலில். 'இந்த வருடமே எல்லாம் சரியாகிவிடும்' என்பது அனனியா பேசுகிற பேச்சு.

சரி, அப்போ அட்டையைத் தூக்கிப் போட்டுவிடலாமா? இணையத்தில் இந்த வசனத்துக்குக் கீழே எப்போதும் ஒருவர் வந்து, இது யூதர்களுக்குச் சொன்னது, உங்களுக்கு இல்லை, சூழல் தெரியாமல் வாசிக்காதீர்கள் என்று எழுதிவிட்டுப் போவார். நானும் கொஞ்ச காலம் அந்த ஆளாகத்தான் இருந்தேன். அதுவும் அரைகுறை வாசிப்புதான். பழைய வேதத்தில் தன் அன்றாடத்தைத் தேடுவது தப்பில்லை. தேடுகிற இடம்தான் தப்பு. இந்தக் கடிதத்தின் அன்றாடம் 11ஆம் வசனத்தில் இல்லை. 5ஆம் வசனத்தில், வீட்டிலும் தோட்டத்திலும் இருக்கிறது.

இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு வசதி உண்டு. எபிரேய மூலத்தில் 'உங்களை' என்பது பன்மை. ஆங்கிலத்தில் ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே சொல் என்பதால் அது மறைந்துபோகிறது. தமிழ் பைபிளில் கடவுள் ஒரு தனி ஆளிடம் பேசினால் 'நீ' என்பார். மரியாதைக்காக 'நீங்கள்' போடுவதில்லை. ஆக, அந்த 'உங்களை' என்பது ஒரு கூட்டம்தான், சந்தேகமே இல்லை. அம்மா ஒரு ஆளாக எடுத்த அட்டை ஊரோடு சேர்த்து எழுதப்பட்டது.

இன்னொன்று, 'சமாதானம்' என்ற சொல். எபிரேயத்தில் ஷாலோம். 11ஆம் வசனத்துக்கு முன்னாலேயே, 7ஆம் வசனத்தில் அதே சொல் மூன்று முறை வந்துவிடுகிறது: அந்த ஊரின் சமாதானத்தைத் தேடுங்கள், அதன் சமாதானத்தில்தான் உங்கள் சமாதானம். தமிழ் மொழிபெயர்ப்பும் இந்த எதிரொலியை விட்டுவிடவில்லை. அட்டை கொடுக்கிற சமாதானம், எதிரி ஊரின் தெருவில் தேடச் சொன்ன அதே சமாதானம்.

இது எனக்குச் சுலபமாக இறங்கவில்லை. தோற்றவனிடம் ஜெயித்தவனுக்காக ஜெபம் பண்ணச் சொல்வது யாருக்கு வசதி? கடிதத்தைக் கொண்டுபோனவர்களே சிதேக்கியா ராஜா நேபுகாத்நேச்சாரிடம் அனுப்பிய தூதர்கள். பாபிலோனில் இருந்த ஒருவர் கொதித்துப்போய், எரேமியாவை ஏன் இன்னும் பிடித்துக் கட்டிவைக்கவில்லை என்று எருசலேம் ஆசாரியனுக்குப் பதில் கடிதமே எழுதுகிறார். அதே பைபிளில் 137ஆம் சங்கீதம் பாபிலோனைச் சபித்து முடிகிறது. அந்தக் கோபத்தையும் யாரும் வெட்டி எறியவில்லை. ஒரே துக்கத்துக்கு இரண்டு பதில்கள். இரண்டையும் சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறார்கள். அட்டையில் எது வர வேண்டும் என்று முடிவு பண்ணியது நாம்.

பாபிலோனில் என்ன நடந்தது என்பதற்குக் களிமண் சாட்சி இருக்கிறது. 'யூதாவின் ஊர்' என்று பொருள்படும் அல்-யாஹூது என்ற குடியிருப்பைச் சேர்ந்த ஆப்பெழுத்துப் பலகைகள் 2014இல் நூலாக வெளிவந்தன. முறையான அகழாய்வில் கிடைத்தவை இல்லை, பழம்பொருள் சந்தை வழியாக வந்தவை. காலம் கி.மு. 572 முதல் 477 வரை. நிலக் குத்தகை, பார்லி, பேரீச்சை, கடன், வரி. நடுநடுவே தங்கள் கடவுளின் பெயரைச் சேர்த்துப் பிள்ளைகளுக்கு வைத்த பெயர்கள். எரேமியாவின் கடிதத்தைக் கேட்டுத்தான் பயிர் வைத்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் பயிர் வைத்தார்கள். அந்தப் பலகைகளில் புலம்பல் இல்லை, பிரார்த்தனை இல்லை, கணக்குதான் இருக்கிறது. கடிதம் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தானே?

எரேமியா ஊருக்கு உபதேசம் பண்ணிவிட்டு ஒதுங்கிக்கொண்டவரும் இல்லை. 32ஆம் அதிகாரத்தில் பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி நிற்கிறது, அவர் காவலில் இருக்கிறார். அப்போது உறவுக்காரன் ஒருவன் வந்து ஆனதோத்தில் இருக்கிற நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொல்கிறான். நாளைக்கே எதிரி கைக்குப் போகிற நிலம். பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிக் கையெழுத்து வாங்கி, பத்திரத்தை மண்பானையில் போட்டு வைக்கச் சொல்கிறார், ரொம்ப நாள் இருக்கட்டும் என்று. அந்த நிலத்தில் அவர் ஒரு நாளாவது விதைத்ததாக புத்தகம் சொல்லவில்லை.

போன மாதம் இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். பன்மை, எழுபது வருடம், மண்பானை, எல்லாம். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"அப்போ அப்பா பிழைப்பார்னு அது சொல்லலை, இல்லையா?"

"இல்லைம்மா."

"நானும் அப்படி நினைச்சு ஒட்டலை. பிழைச்சா நல்லதுன்னு நினைச்சேன். உனக்கும் தங்கச்சிக்கும் சேர்த்துத்தான் அதை எடுத்தேன்."

அப்பாவின் காரியம் முடிந்த அடுத்த வாரமே அம்மா என் காலேஜ் ஃபீஸைக் கட்டியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வளையலை விற்றுக் கட்டினாள். சூழல் தெரியாமல் வாசிக்கிறாள் என்று அவளைப் பற்றித்தான் நான் இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அட்டை இன்னும் ஃபிரிட்ஜ் கதவில்தான் இருக்கிறது. ஓரம் சுருண்டிருந்தது, புது டேப் ஒட்டினேன்.