கண் கேட்டவனுக்குக் கோல்

எங்கள் அம்பத்தூர் வீட்டில் அம்மாவின் கட்டிலிலிருந்து கூடத்து ஜன்னல் வரை பதினாறு காலடி. வாக்கரைப் பிடித்துக்கொண்டு அம்மா அதைக் கடந்த முதல் நாள் நான் எண்ணினேன். முதலில் வாக்கர், அப்புறம் ஆபரேஷன் செய்த கால், அப்புறம் நல்ல கால். வரிசை மாறக்கூடாது. ஜன்னலைத் தொட்டதும் அம்மா திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "காசிக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்குடா."

அம்மா பாத்ரூமில் விழுந்தபோது நான் பக்கத்து அறையில், காதில் ஹெட்போனோடு, டீமின் காலை மீட்டிங்கில் இருந்தேன். எங்கள் தொழிலில் அதற்கு 'ஸ்டாண்ட்-அப்' என்று பெயர். எல்லோரும் உட்கார்ந்துகொண்டுதான் பேசுவோம். அம்மா எவ்வளவு நேரம் கூப்பிட்டாள் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. இடது தொடை எலும்பின் கழுத்து முறிந்திருந்தது. ஒட்டவைப்பதைவிட மூட்டையே மாற்றுவது நல்லது என்றார்கள்.

இடுப்பு மூட்டு ஒரு கிண்ணமும் அதில் சுழலும் ஒரு பந்தும். உடைந்த பந்தை எடுத்துவிட்டு, தொடை எலும்புக்குள் ஒரு உலோகத் தண்டை இறக்கி, அதன் தலையில் புதுப் பந்து வைக்கிறார்கள். இடுப்பெலும்பில் புதுக் கிண்ணம், அதற்குள் வழவழப்பான ஒரு பிளாஸ்டிக் உள்ளுறை. 1962-இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி பாலிஎதிலீன் கிண்ணத்தைப் பொருத்தியதிலிருந்து வரும் முறை இது. அதற்கு முன் அவர் டெஃப்லானில் செய்த கிண்ணங்கள் தேய்ந்துபோய்த் தோற்றிருந்தன. இத்தனையும் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் மூட்டை மாற்றுவது அறுவை சிகிச்சை நிபுணரின் வேலை, ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். நடப்பது அம்மாவின் வேலை. அதைப் பற்றி எழுதியவர்கள் யார் என்று தேடினேன். வாசிக்கிறவனுக்குப் பயம் வந்தால் வேறென்ன செய்வான்?

நம் சினிமாவில் இதற்கு ஒரே வழிதான் உண்டு. சக்கர நாற்காலியில் இருப்பவர் கிளைமாக்ஸில், மகனையோ காதலியையோ யாரோ அடிக்கப் போகும்போது, பதறி எழுந்து நின்றுவிடுவார். இடையில் இருந்த மாதங்களுக்குப் படத்தில் இடமில்லை. இலக்கியம் இதைவிட நன்றாகச் செய்திருக்கும் என்று நம்பி ஆலிவர் சாக்ஸின் 'எ லெக் டு ஸ்டாண்ட் ஆன்' நூலை எடுத்தேன்.

1974-இல் நார்வேயில் ஒரு மலைப்பாதையில் காளை ஒன்றைப் பார்த்து மிரண்டு ஓடி விழுகிறார் சாக்ஸ். இடது தொடைத் தசைநார் அறுந்துபோகிறது. லண்டனில் ஆபரேஷன். பிறகுதான் பிரச்சினை: கால் தன்னுடையதாகவே தெரியவில்லை. யாரோ கட்டிலில் வைத்துவிட்டுப் போன பொருள்போல் கிடக்கிறது. மருத்துவரிடம் சொன்னால் 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்கிறார். தானே நரம்பியல் மருத்துவரான ஒருவர் நோயாளியாகி, சொல்வதைக் கேட்க ஆளில்லாமல் கிடக்கும் இந்தப் பகுதி புத்தகத்தின் உச்சம். அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தபோது வெட்கமாக இருந்தது. 'இது என் காலு இல்லடா, மரக்கட்டய வெச்சுத் தெச்சிட்டாங்க' என்று அவள் சொன்னபோது நானும் 'எக்ஸ்ரேல எல்லாம் நல்லா இருக்கும்மா' என்றுதான் சொல்லியிருந்தேன்.

ஆனால் நடை திரும்பும் இடத்தில் சாக்ஸ் என்னைக் கைவிட்டார். அவரை எழுப்பி நிறுத்துகிறார்கள். அடி எடுத்துவைக்கத் தெரியவில்லை. காலை எங்கே வைப்பது என்று மூளை கணக்குப் போட்டுத் தடுமாறுகிறது. திடீரென்று, அவர் முன்பு ஒலிநாடாவில் கேட்டுக்கொண்டிருந்த மெண்டல்சனின் வயலின் கான்செர்ட்டோ மனதுக்குள் ஒலிக்கத் தொடங்குகிறது. அந்த நொடியில் கால் அவருடையதாகிறது, நடை வந்துவிடுகிறது. அழகான பக்கங்கள்தான். அவருக்கு அப்படி நடக்கவில்லை என்று சொல்ல நான் யார்? ஆனால் அந்த நொடியின் வெளிச்சத்தில், பக்கத்தில் நின்ற பிசியோதெரபிஸ்ட்கள் நிழலாகிவிடுகிறார்கள். இசை வந்ததும் அவர்களுக்குப் புத்தகத்தில் வேலை முடிந்துவிடுகிறது. சம்பவம் நடந்து பத்து வருடம் கழித்து, 1984-இல் வந்த புத்தகம் இது. பத்து வருடத்தில் எந்த நினைவும் ஒரு நொடியைச் சுற்றித் திரண்டுவிடும் என்று தோன்றுகிறது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால், நடை முழுதாகத் திரும்பாமல் அவர் தவிக்கும்போது, நீச்சல்குளத்தில் ஒருவர் அவரைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டு நீந்தவைக்கும் இடம் வருகிறது. எனக்கு மெண்டல்சனைவிட அந்தத் தள்ளிவிட்ட கை முக்கியமாகப் பட்டது. சாக்ஸ் அதைச் சொல்கிறார், ஆனால் அங்கே நிற்பதில்லை.

அம்மாவுக்கு எந்த இசையும் வரவில்லை. ஒவ்வொரு பயிற்சியும் பத்துப் பத்து முறை, கணக்கோடு செய்தாள். சம்மணம் போடக்கூடாது, குத்தவைக்கக்கூடாது, தாழ்வான நாற்காலியில் உட்காரக்கூடாது, தூங்கும்போது இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை. "தரையில உக்காராம அரிவாமணையில எப்படிடா காய் நறுக்குவேன்?" என்று ஒருநாள் அழுதாள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில் என்று சொல்லிக்கொடுத்தபோது மட்டும் சிரித்தாள். "கல்யாணத்தன்னிக்கும் வலது காலத்தான் முதல்ல வைக்கச் சொன்னாங்க."

அந்த வாரங்களில்தான், வேறு எதற்கோ எடுத்த பெரியபுராணத்தில் சுந்தரர் கண்ணிழக்கும் பகுதிக்கு வந்தேன். கதை பலருக்கும் தெரிந்திருக்கும். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்து, உன்னைப் பிரியேன் என்று மகிழமரத்தடியில் சத்தியம் செய்கிறார் சுந்தரர். வசந்தம் வந்ததும் திருவாரூர் ஞாபகம் வருகிறது. சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டுகிறார். இரண்டு கண்ணும் போகின்றன.

அதன்பின் அவர் போகும் வழி எங்கள் பக்கத்து வழி. திருவொற்றியூரிலிருந்து வடதிருமுல்லைவாயில், அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் ரயிலில் நான் தினமும் தாண்டிய ஊர். அங்கிருந்து திருவெண்பாக்கம், பிறகு திருவாலங்காடு, பிறகு காஞ்சி. இதை எழுதிய சேக்கிழார் பூந்தமல்லிக்குத் தெற்கே இருக்கும் குன்றத்தூர்க்காரர். கண் தெரியாத ஒருவன் இந்தச் சாலைகளில் நடந்தால் எங்கே தடுக்கும், எங்கே பள்ளம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

திருவெண்பாக்கத்தில் என்ன நடக்கிறது? சுந்தரர் கோயில் முன்னால் நின்று, கோயிலுக்குள் இருக்கிறீரா என்று கேட்கிறார். கேட்பது கண். கிடைப்பது ஒரு ஊன்றுகோல். கூடவே ஒரு பதில்: இருக்கிறோம், நீங்கள் போங்கள் என்ற பொருளில். அவ்வளவுதான். பழைய கோயில், பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் கட்டப்பட்டபோது தண்ணீருக்குள் போய்விட்டது. இப்போது பூண்டியில் இருப்பது இடம் மாற்றிக் கட்டியது. சாமியின் பெயர் ஊன்றீஸ்வரர். கண் கொடுத்த சாமியாகப் பெயர் வாங்காமல், கோல் கொடுத்த சாமியாகவே நின்றுவிட்டவர்.

இந்தப் பகுதியைப் பேசுகிறவர்கள் வழக்கமாக இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். ஒன்று, இது தம்பிரான் தோழர் கதை, நண்பர்களுக்குள் நடக்கும் கிண்டல். இரண்டு, இது மறைமுகமான அருள். இரண்டுமே அந்தப் பதிலின் கூர்மையை மழுக்கிவிடுகின்றன என்பது என் எண்ணம். சேக்கிழாரை ஓரமாக வைத்துவிட்டு, சுந்தரரே அந்த ஊரில் பாடியதாக உள்ள தேவாரப் பதிகத்தைப் பாருங்கள். பாட்டுக்குப் பாட்டு அதே பதிலில் வந்து முடிகிறது. கோல் ஒரு பாட்டில் வருகிறது. பதில் திரும்பத் திரும்ப வருகிறது. கிண்டலாக இருந்தால் ஒருமுறை சொன்னால் போதும். அருளாக இருந்தால் நன்றி சொல்லியிருப்பார். வலித்த இடத்தைத்தான் ஒருவன் இத்தனை முறை தொட்டுப் பார்ப்பான். புராணம் சொல்பவருக்கு இது ஒரு நிகழ்ச்சி, கடந்து போகலாம். பாடியவர் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறார்.

அந்தப் பதிலை நான் எங்கள் வீட்டுக் கூடத்தில் கேட்டேன். பட்டாபிராமிலிருந்து ஸ்கூட்டியில் வரும் பிசியோதெரபிஸ்ட், என்னைவிட வயதில் சின்னவர். மூன்றாவது வாரம் ஒருநாள் அம்மா வாக்கரோடு எழுந்தாள். வழக்கம்போல நான் பின்னால் போய் அவள் முழங்கையைப் பிடித்தேன்.

"சார், கையை எடுங்க."

"விழுந்துட்டாங்கன்னா?"

"நீங்க பிடிச்சா அவங்க உங்க மேலதான் சாய்வாங்க. கால் மேல வெயிட் போட மாட்டாங்க." பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, ஒரு கையெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு சொன்னார்: "நான் இங்கதான் இருக்கேன். நீங்க போங்கம்மா."

அம்மாவுக்குக் கோபம். அன்று ராத்திரி, "பிடிச்சுக்கத்தானே காசு குடுக்கறோம், அது பாட்டுக்கு இருக்கேன், போங்கங்குது" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதிகத்தின் கோபம் அப்படியே இருந்தது. 'இருக்கேன்' என்பதும் 'போங்க' என்பதும் ஒரே வாயிலிருந்து, ஒரே மூச்சில் வருகின்றன. கேட்பவருக்கு இரண்டாவது மட்டும்தான் காதில் விழும். அது அப்படித்தான் விழவேண்டும், இல்லையென்றால் கால் நகராது. அந்தப் பதிலைக் கருணை என்று மட்டும் வாசிப்பவர்கள் நடப்பவரின் வலியை விட்டுவிடுகிறார்கள். ஏளனம் என்று வாசிப்பவர்கள் கையெட்டும் தூரத்தில் நிற்பவரை விட்டுவிடுகிறார்கள். பதிகம் இரண்டையும் விடவில்லை.

இன்னொன்றும் இதில் எனக்குப் பிடிக்கும். திருவெண்பாக்கத்தில் கோல், காஞ்சியில் இடக்கண், வெகுதூரம் போய்த் திருவாரூரில் வலக்கண். தவணை தவணையாகத்தான் திரும்புகிறது. அதற்கு நடுவில் நடந்தே ஆகவேண்டிய ஊர்கள் இருக்கின்றன. அம்மாவுக்கும் வாக்கர், பிறகு கைத்தடி, பிறகு தடியில்லாமல் பத்தடி என்றுதான் வந்தது. எந்த நாளை 'அம்மா நடந்துவிட்ட நாள்' என்று சொல்வது? என்னால் ஒரு தேதி சொல்ல முடியாது. சாக்ஸுக்கு ஒரு நொடி இருக்கிறது. சுந்தரருக்கு ஒரு வழி இருக்கிறது.

ஒப்பீடு எங்கே உடைகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுந்தரருக்குக் கண் போனது தண்டனை. ஒற்றியூரில் விட்டுவிட்டு வந்த சங்கிலியின் பக்கம் நின்று பார்த்தால் அது நியாயம்கூட. அம்மா எந்தச் சத்தியத்தையும் மீறவில்லை, ஈரத்தரையில் கால் வைத்தாள். "நான் என்ன பாவம் பண்ணேன்" என்று அவள் கேட்ட இரவுகளில் பெரியபுராணத்திடம் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. உடம்பின் துன்பத்துக்குக் கணக்கு வைத்திருக்கும் எல்லாக் கதைகளிடமும் எனக்கு இந்தச் சண்டை உண்டு. நான் எடுத்துக்கொள்வது அந்தக் கோலையும் பதிலையும் மட்டும்தான்.

கோல் பற்றி ஒரு வார்த்தை. கைத்தடியை ஆபரேஷன் செய்த காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு மூட்டின் மேல் உடல் எடையைப்போல் இரண்டரை, மூன்று மடங்கு அழுத்தம் விழுகிறது. எடை ஒரு பக்கம் இழுக்க, மூட்டுக்கு மிக அருகில் இருக்கும் பக்கவாட்டுத் தசை மறுபக்கம் அதிக விசையோடு இழுத்து உடம்பைச் சாயாமல் வைத்திருப்பதுதான் காரணம். எதிர்க்கையில் இருக்கும் தடி மூட்டிலிருந்து தள்ளி ஊன்றுகிறது. நெம்புகோலின் நீளமான பக்கம் அது. அங்கே கொஞ்சம் அழுத்தினாலே மூட்டின் சுமை நிறையக் குறைந்துவிடும். ஊன்றுகோல் என்பது பாதி நெம்புகோல். இடப்பக்க மூட்டு மாற்றிய அம்மா வலக்கையில் தடியோடு நிற்பதைப் பார்த்து, பக்கத்து வீட்டு மாமி "அந்தக் கையில பிடிங்க" என்று திருத்தினார். அம்மா பெருமையோடு பாடம் எடுத்தாள்.

பிசியோதெரபிஸ்ட் வருவது நின்றபின் ஒரு காலை, அம்மா தடியோடு தெருமுனைக் கடைவரை தனியாகப் போகிறேன் என்றாள். நான் கேட்டில் நின்றேன். வர்றேன் என்று சொல்லத்தான் வாய் வந்தது. அடக்கிக்கொண்டு, "இருக்கேன், போம்மா" என்றேன். குரல் சரியாக வரவில்லை. அந்தப் பதிலைச் சொன்னவர் பக்கத்திலிருந்து யாருமே எழுதவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. சுந்தரர் தான் கேட்டதைப் பாடினார். கோயிலுக்குள்ளிருந்து சொன்னவருக்கு எப்படி இருந்தது என்று எந்தப் பாட்டிலும் இல்லை.

பத்தடி போன அம்மா நின்றாள், திரும்பிப் பார்க்கவில்லை.

"உனக்கு மீட்டிங் இல்ல? நீ போடா."