சென்னை என்னும் ஒற்றை வாசல்

தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்துக்கு 2016 முதல் ஒரே விதமான பாராட்டு கிடைத்துவருகிறது. அந்த ஆண்டு தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்), சென்னைக்குள் அடைந்து கிடந்த ஆட்டத்தை மாவட்டங்களுக்குக் கொண்டுபோய்விட்டதாம். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் அதற்குச் சாட்சியாக நிறுத்தப்படுகிறார்.

சங்கத்தின் சாதனைகளை மறுப்பதற்கில்லை. சென்னையின் முதல் டிவிஷன் லீக்கில் ராகுல் டிராவிட்டே ஆடியிருக்கிறார். கம்பெனி அணிகள் வீரர்களுக்குச் சம்பளமும் வேலையும் தந்தன. மாநில அணிகளுக்கான இருபது ஓவர் போட்டியான சையது முஷ்டாக் அலி கோப்பை 2020-21, 2021-22 என அடுத்தடுத்து தமிழ்நாட்டுக்கு வந்தது. டிஎன்பிஎல் வழியாகத் திண்டுக்கல் மாவட்டம் நத்தத்திலும் திருநெல்வேலி சங்கர் நகரிலும் மக்கள் நல்ல கிரிக்கெட்டை நேரில் பார்க்கிறார்கள்.

ஆனால் நடராஜனின் கதை இந்தப் பாராட்டுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. டென்னிஸ் பந்தில் வீசிக்கொண்டிருந்த அவர் சென்னைக்கு வந்து, நான்காம் டிவிஷனில் தொடங்கி, விஜய் கிளப், ஜாலி ரோவர்ஸ் அணிகள் என்று ஏறி, 2015 ஜனவரியில் மாநில அணிகளின் பல நாள் போட்டியான ரஞ்சிக் கோப்பையில் ஆடினார். அப்போது டிஎன்பிஎல் பிறக்கவே இல்லை. பிறகு வந்த அது அவரை ஐபிஎல் அணிகளின் கண்ணில் காட்டியது, அவ்வளவே. கண்டெடுத்தது சென்னை லீக். அந்த லீக்கில் ஆட ஊரைவிட்டு வந்து, அறை எடுத்து, கிளப் ஒன்றில் இடம் பிடிக்க வேண்டும். ராமநாதபுரத்துப் பையனுக்கு அதற்கு வசதி இல்லையென்றால் அவன் திறமை ஊர்த் திடலோடு முடிந்தது. மாவட்டங்களுக்கிடையே போட்டிகள் நடக்கின்றன. முதல் டிவிஷனின் எடை அவற்றுக்கு இல்லை. டிஎன்பிஎல் அணிகள் ஊர்ப் பெயரைச் சுமக்கின்றன, அவ்வளவுதான். திண்டுக்கல் அணியின் முதல் கேப்டன் அஸ்வின், சென்னை மாம்பலத்துக்காரர். போதாக்குறைக்கு அது இருபது ஓவர் ஆட்டம். நாள் முழுக்கப் பந்துவீசவும் பொறுமையாக நின்று ஆடவும் அங்கே யாரும் பழக முடியாது.

இந்த அமைப்பு ஏன் மாறவில்லை? லீக்கில் ஆடும் கிளப்புகளே சங்கத்தின் வாக்காளர்களும்கூட. அவற்றில் பல கம்பெனிகளின் கையில் இருக்கின்றன. வாசலைக் காப்பவர்களிடமே அதை அகலப்படுத்தும் பொறுப்பும் இருக்கிறது. 2002 முதல் பல ஆண்டுகள் சங்கத் தலைவராக இருந்த என். சீனிவாசனின் மகள் ரூபா குருநாத் 2019இல் போட்டியின்றித் தலைவரானார். 2021இல் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் நெறிமுறை அலுவலர் அவருக்கு நலமுரண் இருப்பதாகத் தீர்ப்பளித்தார். ஆட்கள் மாறினார்கள், வாக்காளர் பட்டியலில் கிளப்புகள் அப்படியேதான் இருக்கின்றன.

முதல் டிவிஷனுக்கு நிகரான பல நாள் லீக் ஒன்று மாவட்டங்களில் நடக்க வேண்டும். மாநில அணித் தேர்வில் அங்கே எடுக்கும் விக்கெட்டும் சென்னையில் எடுக்கும் விக்கெட்டும் ஒன்றாக எண்ணப்பட வேண்டும். இதற்குப் புதிய ஏலமோ வாணவேடிக்கையோ தேவையில்லை. தமிழ்நாடு கடைசியாக ரஞ்சிக் கோப்பையை வென்றது 1987-88இல். அதன் பிறகு எத்தனையோ இறுதிப் போட்டிகள்; எல்லாவற்றிலும் தோல்வி. அதற்கும் இந்த ஒற்றை வாசலுக்கும் தொடர்பில்லை என்றால், சங்கம்தான் வேறு காரணம் சொல்ல வேண்டும்.