சிலுவையைக் குறித்து ஒரு சிறுவன் கேட்ட கேள்வி

ஆங்கில நாவலாசிரியர் ஆர்.கே. நாராயணின் பெயரில் முதலெழுத்தாய் நிற்பது இராசிபுரம். குடும்பத்தாரின் பூர்வீகம் அதுவே. அவர் பிறந்ததோ 1906-இல் சென்னையில். தந்தையார்க்கு மைசூர் நாட்டில் ஆசிரியப் பணி. ஆகவே சிறுவர் பெற்றோரைப் பிரிந்து, புரசைவாக்கத்தில் பாட்டியாரிடம் வளர்ந்தார். பின்னர்க் கல்லூரி நுழைவுத் தேர்வில் தவறினார், அதுவும் ஆங்கிலத்தில்! கிடைத்த ஆசிரியர் வேலையையும் சில நாட்களில் துறந்தார். பல பதிப்பகங்கள் மறுத்த அவருடைய முதல் நாவலாகிய ‘சுவாமியும் நண்பர்களும்’, கிரகாம் கிரீனின் முயற்சியால் 1935-இல் வெளிவந்தது.

இந்நாவலில் நாம் முதலில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. கதைச் சிறுவன் சுவாமிநாதனுக்குத் தாய், தந்தை, பாட்டி மூவரும் ஒரே வீட்டில் இருக்கின்றனர். தமக்கு வாய்க்காததை ஆசிரியர் தம் படைப்புக்கு வழங்கினார் என்றே நாம் கருதுகிறோம்.

ஆனால் ஒரு துன்பத்தை அவர் மாற்றாமலே வைத்தார். அது நம்மைச் சார்ந்தது. புரசைவாக்கத்து லுத்தரன் மிஷன் பள்ளியில் வேதபாட ஆசிரியர் இந்து தெய்வங்களை இகழ்ந்ததையும், வகுப்பில் ஒரே பிராமணச் சிறுவராய்த் தாம் அதற்கு இலக்கானதையும் 1974-இல் வெளிவந்த தன்வரலாற்றில் குறிப்பிடுகிறார். நாவலில் அந்த ஆசிரியர் எபனேசராகிறார். அவர் கிருஷ்ணனைப் பழிக்க, சுவாமிநாதன் எழுந்து, கிறிஸ்து ஏன் சிலுவையில் அறையப்பட்டார் என வினவுகிறான். வகுப்பு முடிந்தபின் தனியே வந்து கேட்கும்படி ஆசிரியர் கூறுகிறார். அடுத்த கேள்விக்கோ காது திருகப்படுகிறது.

எபனேசர் கேலிச்சித்திரம் அன்றோ எனச் சிலர் குறைகூறலாம். அக்குறையில் ஓரளவு நியாயமுண்டு. அன்புடன் கற்பித்த மிஷன் பள்ளி ஆசிரியர் பலர் இருந்தனர். அவர்களுக்கு இக்காட்சியில் இடமில்லை. ஆயினும் ஆசிரியர் பகைமையால் எழுதவில்லை, நகைச்சுவையாலேயே எழுதினார். வசையாக இருந்திருப்பின் நாம் மறுத்திருப்போம். நகையாக இருப்பதால் மறுக்க இயலாது தலைகுனிகிறோம்.

சிறுவனின் கேள்வி குறும்பாக எழுந்ததாயினும், அதுவே இறையியலின் தலையாய கேள்வி. நற்செய்தியை அறிவிக்க அதனினும் நல்ல தருணம் எந்த ஆசிரியருக்கு வாய்க்கும்? அவர் அதை வகுப்பின் முடிவுக்குத் தள்ளிவைத்தார். பிறர் தெய்வத்தைப் பழிப்பதில் முனைந்தவருக்குத் தம் ஆண்டவரைப் பற்றிச் சொல்ல நேரமில்லாமற் போயிற்று.

போதகப் பணிக்கும் போதனைப் பணிக்கும் ஆயத்தமாகும் நம் மாணவர் இந்நாவலைக் கட்டாயம் வாசிக்கவேண்டும். நம் வகுப்பின் கடைசி வரிசையிலும் ஒரு சிறுவன் அமர்ந்திருக்கிறான். அவன் நம்மை மறவான்.