வியப்பும் காட்சியும்: தமிழில் பொதுமக்கள் அறிவியல் நூல்கள்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், வட செபராங் பிறை மாவட்டத்தில், தாசேக் கெலுகோர் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. மலாய் மொழியில் தாசேக் என்றால் ஏரி. கெலுகோர் என்பது ஒரு மரத்தின் பெயர். அம்மரத்தின் புளிப்புக் கனியைச் சீவி உலர்த்தினால் கிடைப்பதே மீன்கறிக்குச் சேர்க்கும் அஸாம் கெப்பிங். தமிழகத்தார் குடம்புளி என்றும் ஈழத்தார் கொறுக்காய்ப்புளி என்றும் வழங்குவது, இதே இனத்தைச் சேர்ந்த வேறொரு மரத்தின் கனியாகும். ஓர் ஊர்ப் பெயருக்குள் இத்துணைத் தாவரவியல் ஒடுங்கிக் கிடக்கிறது. அவ்வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி மாணவன் ஒருவன் இதனைத் தமிழில் படித்தறிய விரும்பினால், அவன் கையில் எந்த நூலைக் கொடுப்பது? தமிழிலுள்ள அறிவியல் நூல்களின் தரத்தை உரைத்துப் பார்ப்பதற்கு இவ்வினாவே தக்க உரைகல்லாகும்.

இவ்வினா வெறும் இலக்கிய ஆர்வத்தால் எழுவதன்று. மலேசியத் தமிழ்ப்பள்ளிக் கல்வி ஆறாண்டு அளவினது. அதன்பின் இடைநிலைப் பள்ளியில் தமிழ் ஒரு மொழிப்பாடமாக நிற்குமேயன்றி, அறிவியலைக் கற்பிக்கும் மொழியாக நிற்பதில்லை. 2003ஆம் ஆண்டு தொடங்கிய கொள்கையால் தொடக்கப்பள்ளியிலேயே அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாறத் தொடங்கின. அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. ஆகவே, பன்னிரண்டு வயதில் ஒரு மாணவனுக்குத் தமிழும் அறிவியலும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. பிரிந்த பின்னர் அவ்விரண்டும் மீண்டும் சந்திக்கக்கூடிய இடம் ஒன்றே. அது பொதுமக்களுக்கென எழுதப்படும் அறிவியல் நூல். அந்நூல் நன்றாக அமையவில்லையெனில், தமிழ் அவனுக்குப் பாட்டுக்கும் பண்டிகைக்கும் உரிய மொழியாகச் சுருங்கிவிடும்.

தமிழில் அறிவியல் எழுதும் முயற்சி நேற்றுத் தோன்றியதன்று. 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிரீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, அதற்கான பாடநூல்களையும் தமிழில் ஆக்கினார். 1916இல் இராஜாஜி முதலியோர் சேலத்தில் அறிவியல் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கம் கண்டனர். அதே இராஜாஜி பின்னர் ‘திண்ணை ரசாயனம்’ என்றொரு நூல் எழுதினார். அத்தலைப்பே ஒரு கொள்கை விளக்கம் எனலாம்: ஆய்வுக்கூடத்து வேதியியலை வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவருதல். பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த ‘கலைக்களஞ்சியம்’, தமிழில் எத்துறையையும் எழுத இயலும் என்பதனை ஐயத்திற்கிடமின்றி நிறுவியது. கோவையிலிருந்து ஜி. ஆர். தாமோதரன் முயற்சியால் வெளிவந்த ‘கலைக்கதிர்’ இதழ், அறிவியலைத் திங்கள்தோறும் வாசகர் இல்லத்திற்குக் கொண்டு சென்றது.

இவ்வரலாற்றில் தனித்து நோக்கத்தக்கவர் இருவர். ஒருவர் பெ. நா. அப்புசுவாமி (1891–1986), மற்றவர் மா. கிருஷ்ணன் (1912–1996). இருவரும் நாவலாசிரியர் அ. மாதவையாவோடு உறவுடையோர், கிருஷ்ணன் அவருடைய மகனே ஆவார். ஆயினும் இருவர்தம் எழுத்தும் இருவேறு நெறிகளைச் சார்ந்தவை. முதல் நெறியை வியப்பின் நெறி என்றும், இரண்டாம் நெறியைக் காட்சியின் நெறி என்றும் பெயரிட்டு வழங்கலாம்.

அப்புசுவாமி வழக்கறிஞராகத் தொழில் புரிந்தவர். அறிவியலை முறையாகக் கற்பிக்கும் பேராசிரியர் அல்லர். அதுவே அவருக்கு வலிமையாயிற்று. தாம் புரிந்துகொண்ட வழியிலேயே வாசகனையும் அழைத்துச் செல்வது அவருடைய இயல்பு. 1917 முதல் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அவர் எழுதினார். மின்சாரம், அணு, வானொலி என அந்நாளில் தமிழருக்குப் புதுமையாயிருந்த பொருள்கள் அவருக்குக் கருப்பொருளாயின. அறிந்ததைக் கொண்டு அறியாததை விளக்குதல், ஒரு கட்டுரையில் ஒரு கருத்தையே எடுத்துக்கொள்ளுதல், கலைச்சொல்லை முதலில் வீசி எறியாமல் பொருளை உணர்த்திய பின்னரே சொல்லைத் தருதல் ஆகியன அவர்தம் நடையில் காணத்தகும் பண்புகள். இன்றைய ஆசிரியர் எவரும் இவற்றை அவரிடம் பயிலலாம்.

ஆயினும் வியப்பின் நெறிக்கு ஓர் எல்லை உண்டு. அது வாசகனைக் கேட்போனாகவே வைத்திருக்கிறது. அணுவும் மின்காந்த அலையும் எங்கோ தொலைதூரத்து ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்டவை; வாசகன் அவற்றைச் சோதித்தறிய வழியில்லை. ‘அப்படியா!’ என்று வியந்து நூலை மூடிவிடுவதோடு அவன் பணி முடிந்துவிடுகிறது. பிற்காலத்தில் சுஜாதா ‘ஏன் எதற்கு எப்படி’ என வாசகர் வினாக்களுக்கு விடையளித்தபோது இக்குறை ஓரளவு நீங்கிற்று. வாசகன் வாய்திறந்து கேட்கலானான். நகைச்சுவையும் விரைவும் அவருடைய எழுத்துக்கு அழகூட்டின. எனினும், வினா ஒன்று விடை ஒன்று என்னும் அமைப்பில் ஒவ்வொரு செய்தியும் தனித்தனித் துணுக்காகி, ஒன்றோடொன்று தொடர்புறாமல் நிற்பதனையும் சுட்டாதிருக்க இயலாது.

மா. கிருஷ்ணனின் நெறி வேறு. ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் 1950 முதல் 1996இல் தாம் மறையும்வரை ஆங்கிலத்தில் இயற்கைக் குறிப்புகள் எழுதிவந்த அவர், தமிழிலும் அரிய கட்டுரைகள் பல எழுதினார். அவை ‘மழைக்காலமும் குயிலோசையும்’, ‘பறவைகளும் வேடந்தாங்கலும்’ ஆகிய தொகுப்புகளாக இன்று கிடைக்கின்றன. அவர் எழுதும் பறவை வாசகன் வீட்டு வேலியில் அமரும் பறவை. கட்டுரையைப் படித்தபின் வாசகன் வெளியே சென்று பார்க்கலாம். ஆசிரியர் கூறியது சரியா என்று சரிபார்க்கலாம். தவறெனில் மறுக்கவும் செய்யலாம். இவ்வுரிமையை வாசகனுக்கு அளிப்பதே அறிவியலின் உயிர்நிலை. சு. தியடோர் பாஸ்கரன் ‘இன்னும் பிறக்காத தலைமுறைக்காக’ முதலிய நூல்களில் இந்நெறியைத் தொடர்ந்து, காட்டுயிர்களுக்கும் தாவரங்களுக்கும் மக்கள் நாவில் வழங்கும் தமிழ்ப் பெயர்களை ஏட்டில் நிலைநிறுத்தப் பாடுபட்டிருப்பது பாராட்டத்தக்கது.

இவ்விரு நெறிகளுக்கும் புறம்பாக மூன்றாவது ஒரு போக்கும் தமிழில் பெருகியுள்ளது. இன்றைய கண்டுபிடிப்புகள் அனைத்தையும் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என்று பறைசாற்றும் போக்கு அது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது மலர்களைப் பெயர் சுட்டிக் கூறியிருப்பதனை இத்தகையோர் பெருமைக்குச் சான்றாகக் காட்டுவர். பெருமைதான், ஐயமில்லை. ஆனால் அப்பாடல் கற்பிக்கும் பாடம் வேறு. மலரை நின்று பார்த்தல், ஒன்றை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்துதல், அதற்குரிய பெயரால் அழைத்தல் என்னும் பழக்கத்தை அது காட்டுகிறது. அப்பாடலை மனப்பாடம் செய்து, பள்ளி வேலியோரம் பூத்த பூவின் பெயர் தெரியாமல் நிற்கும் மாணவன் கபிலரின் வழித்தோன்றல் ஆகான்.

இனி, உரைகல்லை மலேசிய மண்ணில் வைத்துத் தேய்த்துப் பார்த்தல் வேண்டும். தமிழகத்து நூல்கள் எவ்வளவு சிறந்தவையாயினும் அவை காட்டும் நிலம் வேறு. வேடந்தாங்கல் ஏரியும் முதுமலைக் காடும் தாசேக் கெலுகோர் மாணவனுக்கு அணுவைப் போலவே தொலைவில் உள்ளவை. கிருஷ்ணனுக்குக் காட்சியாக அமைந்தது இங்குள்ள வாசகனுக்கு மீண்டும் வியப்பாகிவிடுகிறது. ஆகவே அவருடைய செய்திகளைப் பெயர்த்துத் தருவதனால் பயன் குறைவு. அவருடைய முறையை இம்மண்ணில் நடுவதே பயனுடைத்து.

அதற்கான பொருள் இங்கே நிறைந்து கிடக்கிறது. 1876இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் இலண்டனுக்குக் கொண்டுசென்ற ரப்பர் விதைகளின் வழிவந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தடைந்தன. அவற்றின் வழித்தோன்றல்களே மலாயாவின் பால்மரக் காடுகள். அக்காடுகளில் உழைத்தோருள் பெரும்பகுதியினர் தமிழர். அவர்களின் கண்ணீரைக் கதையாக எழுதியோர் பலர். அவர்களின் கைத்திறனில் பொதிந்திருந்த அறிவியலை எழுதியோர் எத்துணைபேர்? விடியற்காலையில் பால்வெட்டக் காரணம் உண்டு. குளிர்ந்த வேளையில் மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்கு வடிகிறது. வெட்டுக்கோடு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்திருக்கவும் காரணம் உண்டு. பட்டைக்குள் பால்குழல்கள் எதிர்ச்சாய்வில் ஏறுவதால், அவ்வாறு வெட்டினால் மிகுதியான குழல்கள் அறுபடுகின்றன. உளி பட்டையைக் கடந்து ஆழச் சென்றால் மரம் புண்படும் என்பதைப் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் தம் விரல்நுனியால் அறிந்திருந்தார். அந்த அறிவுக்குத் தாவரவியல் விளக்கத்தைச் சேர்த்தால் அதுவே முதல்தரமான அறிவியல் கட்டுரை.

ரப்பர் சென்று செம்பனை வந்த கதையும் அத்தகையதே. செம்பனையில் ஆண்பாளையும் பெண்பாளையும் ஒரே மரத்தில் வெவ்வேறு காலத்தில் தோன்றுவன. காற்றே மகரந்தத்தைச் சேர்க்கிறது என்று முன்னர்க் கருதினர். அது போதாதபோது தொழிலாளர் கையாலேயே மகரந்தம் தூவவேண்டியிருந்தது. 1981இல் ஆப்பிரிக்கக் கேமரூன் நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு சிறு கூன்வண்டு ஜொகூர் மாநிலத் தோட்டத்தில் விடப்பட்டது. ஆண்பாளையின் சோம்பு போன்ற மணத்தால் ஈர்க்கப்பட்டு அதில் வாழும் அவ்வண்டு, அதே மணத்தை நாடிப் பெண்பாளைக்கும் செல்லும்போது மகரந்தத்தைச் சேர்த்துவிடுகிறது. தோட்டங்களில் கைமகரந்தச் சேர்க்கை தேவையற்றதாயிற்று. சில மில்லிமீட்டர் நீளமே உடைய ஒரு பூச்சி மனிதர் செய்துவந்த ஒரு வேலையையே மறையச் செய்த இவ்வரலாற்றில் உயிரியலும் உண்டு, பொருளியலும் உண்டு, தமிழர் வாழ்வும் உண்டு.

கூகையின் கதை இன்னும் நெருக்கமானது. கூகையின் குரல் தீக்குறி என்பது தமிழர் வீடுகளில் வழிவழி வரும் நம்பிக்கை. மலேசியச் செம்பனைத் தோட்டங்களிலோ அதற்கெனக் கம்பத்தில் கூட்டுப்பெட்டி அமைத்து வரவேற்கின்றனர். ஓர் இணையும் அதன் குஞ்சுகளும் ஓராண்டில் ஆயிரத்திற்கு மேற்பட்ட எலிகளை உண்ணும் என்று கணக்கிட்டுள்ளனர். மூடநம்பிக்கையைச் சாடும் சொற்பொழிவு பத்தினால் விளையாத மனமாற்றம், அக்கூட்டுப்பெட்டியின் அடியில் கிடக்கும் எலி எலும்புகளை ஒரு மாணவனே எண்ணிப் பார்ப்பதால் விளையக்கூடும். அவனை அங்கே அழைத்துச் செல்லும் எழுத்தே வேண்டுவது. அதே மாவட்டத்தின் கடலோரத்தில், தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோல மூடா வரை நீளும் சேற்றுப்பரப்புக்கு ஆண்டுதோறும் வடபுலத்திலிருந்து உள்ளான் முதலிய பறவைகள் வலசை வருகின்றன. நெய்தல் திணையைப் பாடமாக நடத்தும் ஆசிரியருக்கு அரைநாள் பயணத்தில் நெய்தலே காத்திருக்கிறது.

இந்நூல்களை எழுதுவோர்க்குக் கலைச்சொல் ஒரு தடையாகாது. மங்கு, ஒட்டுப்பால், செம்பனை எனத் தோட்டத்து மக்கள் தாமே சொல் படைத்தும் கடன்பெற்றும் வழங்கினர். அச்சொற்கள் அகராதிக்காகக் காத்திருக்கவில்லை. தூய சொல்லா, பிறசொல்லா என வழக்காடிக் கொண்டிருக்கும் வேளையில், தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறுகின்றன. சொற்களை அறிந்த முதியோரும் மறைகின்றனர். அப்புசுவாமி காட்டிய எளிமையும் கிருஷ்ணன் காட்டிய கூர்நோக்கும் ஒருங்கே வாய்த்த எழுத்து, அம்முதியோர் வாழும் காலத்திலேயே அவர்களிடம் கேட்டு எழுதப்படல் வேண்டும். பின்னர் எழுதப்படுவது நூலறிவாக மட்டுமே எஞ்சும்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இன்று முழுமையான விடையில்லை. கெலுகோர் மரத்தைப் பற்றிக் கேட்கும் மாணவனிடம் ஆசிரியர் மூன்று நூல்களிலிருந்து மூன்று துண்டுகளைத் திரட்டித்தான் தரவேண்டியுள்ளது. அவ்வாறு திரட்டித் தரும் ஆசிரியரே, அந்த நான்காவது நூலை எழுதத் தகுதியுடையவர் என்பது இத்தமிழ் நூல்களை ஆராய்வோர் அடையும் முடிவாகும்.